மடைப்பள்ளி வழியே ஒரு கோயில் பயணம்



இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவில் தென்னாட்டுத் திருத்தலங்களைச் சுற்றிப் பார்ப்பது பற்றிப் பேசுமாறு பணித்தீர்கள். கோபுரம், விமானம், செப்புத் திருமேனி, சுவரோவியம் ஆகியவை பற்றி நல்ல நூல்கள் பல வந்திருக்கின்றன. வழிகாட்டிகளும் அவற்றைக் காட்டித் தருகிறார்கள். ஆனால் எந்தக் கோயிலுக்குப் போனாலும் பெரும்பாலானவர்கள் எட்டிக்கூடப் பார்க்காமல் திரும்பும் இடம் ஒன்று இருக்கிறது. அது தென்கிழக்கு மூலையில், புகை படிந்த சுவரோடு நிற்கும் மடைப்பள்ளி. ஒரு கோயிலின் வரலாற்றில் பாதி அங்கேதான் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். இன்று பேசப்போவது அதைப் பற்றித்தான்.

கல்வெட்டு படித்துப் பழகியவர்களுக்கு இது தெரிந்திருக்கும். தொடக்கத்தில் மெய்க்கீர்த்தி வரும், மன்னன் வென்ற நாடுகள் வரிசையாக வரும். அது முடிந்த உடனே அரிசி இவ்வளவு, நெய் இவ்வளவு, பருப்பு இவ்வளவு, தயிர் இவ்வளவு என்று கணக்குத் தொடங்கிவிடும். வெற்றிப் பட்டியலைப் பாடநூலில் ஏற்றிக்கொண்ட நாம், அரிசிக் கணக்கைச் சுவரிலேயே விட்டுவிட்டோம். அந்தச் சுவரில் எழுதியவர்களுக்கோ இரண்டாவது பகுதிதான் முக்கியம். கல்வெட்டு வெட்டப்பட்டதே அந்தக் கணக்கு பிறழாமல் இருப்பதற்காக.

தாமிரபரணிக் கரையில் அம்பாசமுத்திரத்தில் எரிச்சாவுடையார் கோயில் இருக்கிறது. அங்கே வரகுண பாண்டியனின் 9-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று உண்டு. மன்னன் 290 காசு வைக்கிறான். காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு 2 கலம் நெல் வட்டியாக, 580 கலம் வரவேண்டும். முதலைத் தொடக்கூடாது. அந்த வட்டி நெல்லில் இறைவனுக்கு நாளும் நான்கு வேளை அமுதுபடி நடக்கவேண்டும். அதன் பிறகு வருவது கிட்டத்தட்ட ஒரு சமையல் குறிப்பு. பசுவின் நெய், பசுவின் தயிர், வாழைப்பழம், சர்க்கரை, பிறகு கறிவகைகள்: காய்க்கறி, புளிங்கறி, புழுக்குக்கறி, பொரிக்கறி. இவற்றுக்குச் சேர்க்க வேண்டிய காயங்கள் மிளகு, மஞ்சள், சீரகம், சிறுகடுகு, கொத்தமல்லி. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு மேலான பட்டியல் இது. இன்று காலை நம் வீட்டு அஞ்சறைப் பெட்டியைத் திறந்தவர்களுக்கு இதில் எந்தப் பொருளும் அந்நியமாக இருக்காது.

இதே மன்னன் காலத்துத் திருச்செந்தூர்க் கல்வெட்டு இன்னும் பெரிய ஏற்பாட்டைச் சொல்கிறது. 1400 பொற்காசுகளைப் பல ஊர்ச் சபைகளிடம் பிரித்துக் கொடுத்து, அவரவர் வட்டியைப் பொருளாகக் கொண்டுவந்து அளக்கவேண்டும் என்று ஏற்பாடு. கடற்கரைக் கோயிலின் ஒரு வேளைப் படையலுக்குப் பின்னால் எத்தனை ஊர்களின் வயல், எத்தனை ஊர்களின் மாடு!

தஞ்சைப் பெரிய கோயிலுக்கு வருவோம். 1010-இல் முதலாம் இராசராசன் விமானத்துக்குக் குடம் வைத்த கோயில். உலகப் பாரம்பரியப் பட்டியலில் 1987-இல் சேர்ந்தது. அங்கே போகிறவர்கள் விமானத்தை அண்ணாந்து பார்க்கிறார்கள். பார்க்கவேண்டியதுதான். கழுத்து வலித்த பிறகு கொஞ்சம் தலையைத் தாழ்த்தி, அடித்தளத்தில் ஓடும் எழுத்துகளின் பக்கம் போய் நில்லுங்கள். மன்னனும் அவன் தமக்கை குந்தவையும் கொடுத்த காசு எந்தெந்த ஊர்ச் சபையிடம் போனது, காசுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு வட்டி, அதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை, அந்த வட்டியில் எந்தத் திருமேனிக்கு எவ்வளவு அரிசி, நெய், பருப்பு, மிளகு, கடுகு, சீரகம், சர்க்கரை, புளி, தயிர், உப்பு, வாழைப்பழம், வெற்றிலை, பாக்கு, விறகு என்று எல்லாம் அங்கே இருக்கிறது. விறகைக்கூட மறக்கவில்லை. நீராட்டும் நீரில் மணம் கூட்ட ஏலமும் செண்பக மொட்டும் இலாமிச்சை வேரும் கொடுப்பதற்குத் தனி முதல் வைத்திருக்கிறார்கள். அணையாமல் எரியும் ஒரு நந்தா விளக்குக்கு 96 ஆடு. அவற்றைப் பெற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் உழக்கு நெய் அளக்கவேண்டும். ஆடு செத்தாலும் மூத்தாலும் கணக்கு குறையக்கூடாது என்பதால் அவற்றுக்குச் சாவா மூவாப் பேராடு என்று பெயர். அளக்கும் மரக்காலுக்கும் ஆடவல்லான் என்று இறைவன் பெயரையே இட்டிருக்கிறார்கள். ஐந்து பங்கு நெல் குற்றினால் இரண்டு பங்கு அரிசி என்பது அக்காலத்துக் கோயில் கணக்கு. எத்தனை முறை தீட்டினால் அந்த அளவு தேறும் என்பது குற்றியவர்களுக்குத் தெரிந்திருக்கும். அவர்கள் பெயர்தான் சுவரில் இல்லை.

ஊர்தோறும் கொடுத்த கடன், ஊர்தோறும் வந்த வட்டி, அதில் விளைந்த சோறு. பெரிய கோயில் இப்படித்தான் ஒவ்வொரு நாளும் நடந்தது. கல் ஒரு முறை ஏற்றியதோடு நின்றது. சோறு நாள்தோறும் புதிதாக வெந்தாக வேண்டியிருந்தது. அதனால் அதற்குத்தான் அதிகக் காவல் வேண்டும் என்று நம் முன்னோர் நினைத்தார்கள். நாம் கல்லுக்குச் சட்டம் போட்டுக் காவல் வைத்தோம். மடைப்பள்ளிக்கு யாரும் காவல் வைக்கவில்லை.

மடைப்பள்ளி மிகக் கண்டிப்பான இடம். வெங்காயம், பூண்டு உள்ளே வராது. மிளகாய் 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் கப்பலில் இந்த மண்ணுக்கு வந்தது. நம் வீட்டுச் சமையலை முழுக்கப் பிடித்துக்கொண்டது. பல பழைய கோயில்களின் மடைப்பள்ளிகள் மட்டும் அதற்கு வழிவிடவில்லை. அங்கே காரம் என்றால் இன்னும் மிளகுதான். உருளைக்கிழங்கும் தக்காளியும் படியேறவில்லை. ஆனால் அதே கப்பல்காரர்கள் கொண்டுவந்த முந்திரிப் பருப்பு மட்டும் எப்படியோ நுழைந்து, நெய்யில் வறுபட்டு, சர்க்கரைப் பொங்கலின் மேல் உட்கார்ந்துவிட்டது. எதை ஏற்பது, எதை மறுப்பது என்று மடைப்பள்ளிகள் தமக்குள் ஏதோ ஒரு தீர்மானத்துக்கு வந்திருக்கின்றன. யாரும் அதை எழுதி வைக்கவில்லை. ஆகவே கோயில் பிரசாதத்தை வாயில் வைக்கும்போது, மிளகாய் வருவதற்கு முந்திய தமிழ்நாட்டின் சுவைக்கு மிக அருகே போகிறோம். அருங்காட்சியகம் எதிலும் இது கிடைக்காது.

காஞ்சிபுரம் வரதராசப் பெருமாள் கோயில் இட்லியை எடுத்துக்கொள்ளுங்கள். அரிசியும் உளுந்தும் கொரகொரப்பாக அரைபட்டுப் புளித்து, மிளகு, சீரகம், சுக்கு, நெய் சேர்ந்து, மந்தாரை இலை வைத்த மூங்கில் குடலையில் ஊற்றப்பட்டு, மணிக்கணக்கில் ஆவியில் வேகிறது. குடலையிலிருந்து எடுக்கும்போது இட்லி ஓர் ஆளின் முழங்கை நீளத்துக்கு நிற்கும். வெட்டித்தான் கொடுக்கவேண்டும். சட்னி கேட்காது, சாம்பார் கேட்காது. இலையின் மணமும் சுக்கின் காரமும் நெய்யும் உள்ளேயே இருக்கின்றன. ஊர் உணவகங்களில் டம்ளரில் ஊற்றி வேகவைத்துக் காஞ்சிபுரம் இட்லி என்று தருகிறார்கள். அதுவும் நல்ல பலகாரம்தான். ஆனால் மந்தாரை இலை இல்லாவிட்டால் பாதிச் சுவை போய்விடும். அந்த இலையைப் பறித்துக் காயவைத்துத் தைத்துத் தருகிறவர் ஒருவர் இருந்தால்தான் இந்த இட்லி இருக்கும். கோயிலைப் பார்க்க வருகிறவர் அத்திகிரிப் படியேறி வரதரைச் சேவித்து, நூற்றுக்கால் மண்டபத்தின் கல் சங்கிலியைப் படம் எடுத்துக்கொண்டு போகிறார். அந்த இலைக்காரரைப் பற்றி அவரிடம் சொல்ல ஆளில்லை.

மதுரைக்கு வடக்கே அழகர்கோயிலில் தோசைதான் பிரசாதம். கறுப்பு உளுந்தும் அரிசியும் மிளகும் சீரகமும் சுக்கும் கலந்த கனமான தோசை, நெய்யில் பொரிந்து மொறுமொறுப்பாக வரும். சுற்று வட்டாரத்து உழவர்கள் காணிக்கையாகக் கொண்டுவந்து சேர்க்கும் தானியம் அதில் இருக்கிறது. அழகரோடு சேர்ந்த இன்னொரு உணவுக் கதையும் உண்டு. எனக்குத் தெரிந்து இதைவிட அழகான கடன் கதை தமிழில் இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்த ஆண்டாள், மாலிருஞ்சோலை அழகருக்கு நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்காரவடிசிலும் நேர்ந்துகொண்டதாக நாச்சியார் திருமொழியில் பாடியிருக்கிறாள். சொன்னதைச் செய்ய அவளுக்கு வாய்க்கவில்லை. சில நூற்றாண்டுகள் கழித்து இராமானுசர் அந்தப் பாசுரத்தைப் படித்து, நேர்த்திக் கடன் நிலுவையில் கிடக்கிறதே என்று அழகர்கோயிலுக்கு வந்து நூறு தடாவும் சமர்ப்பித்தார். அங்கிருந்து அவர் வில்லிபுத்தூர் போனபோது ஆண்டாள் அவரை அண்ணா என்று அழைத்ததாக வைணவர்கள் சொல்வார்கள். மார்கழி 27-ஆம் நாள், கூடாரவல்லி அன்று, பெருமாள் கோயில்களில் இன்றும் அக்காரவடிசில் பொங்குகிறது. ஒரு பெண் வாய்விட்டுச் சொன்ன ஒரு படையல் இத்தனை நூற்றாண்டுகளாக அரிசியும் வெல்லமும் பாலும் நெய்யுமாக வந்துகொண்டிருக்கிறது. அந்த நாளில் வில்லிபுத்தூரில் இருந்து பாருங்கள். பால்கோவா வாங்கத்தான் பலரும் அந்த ஊரில் இறங்குகிறார்கள். 2019-இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. வாங்குங்கள். முதலில் அக்காரவடிசிலைத் தொன்னையில் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வாங்குங்கள்.

பழநிப் பஞ்சாமிர்தமும் அதே 2019-இல் குறியீடு பெற்றது. தமிழ்நாட்டில் கோயில் பிரசாதம் ஒன்றுக்கு அந்தக் குறியீடு கிடைத்தது அதுவே முதல் முறை. அதன் உயிர் மலை வாழையில் இருக்கிறது. விருப்பாச்சி, சிறுமலைப் பகுதிகளில் விளையும் பழத்தில் நீர் குறைவு. அதனால்தான் சொட்டுத் தண்ணீர் சேர்க்காமல் நாட்டுச் சர்க்கரை, தேன், நெய், ஏலம் இவற்றோடு பிசைந்தால் நாள்பட நிற்கிறது. முடிக்கொத்து நோய் பரவியபோது அந்த மலைகளில் வாழைப் பரப்பு சுருங்கிப்போனது. ஒரு வைரஸ் முருகனின் பிரசாதத்தை அசைத்துப் பார்த்தது என்றுகூடச் சொல்லலாம். வாழை ஆராய்ச்சியாளர்கள் நோயற்ற கன்றுகளை உண்டாக்கி மலைக்குத் திருப்பி அனுப்பப் பாடுபட்டார்கள். பஞ்சாமிர்த டப்பாவைத் திறக்கும்போது அவர்களையும் நினைக்கவேண்டும்.

திருவரங்கத்தில், சுல்தானின் மகள் என்று மரபு சொல்லும் துலுக்க நாச்சியாருக்காக அரங்கனுக்கு ரொட்டியும் வெண்ணெயும் படைக்கிறார்கள். நெல் விளையும் காவிரித் தீவுக்குள் கோதுமை வந்து சேர்ந்த கதை அது. உப்பிலியப்பன் கோயிலில் தளிகை, அதாவது சமைத்த படையல், உப்பில்லாதது. சிதம்பரத்தில் சம்பா சாதமும் கத்தரிக்காய் கொத்சும். கொத்சு கோயிலைவிட்டு வெளியே வந்து இட்லிக்குத் துணையாக ஊர் உணவகங்களில் குடியேறிவிட்டது. மார்கழித் திருவாதிரையில் அங்கே களி. விறகு வெட்டிய சேந்தனார் இட்ட களியை நடராசர் உண்டார் என்பது அதன் பின்னணி. மதுரை ஆவணி மூலத்தில் பிட்டுக்கு மண் சுமந்த திருவிழா. இவற்றில் ஒவ்வொன்றுக்கும் ஒரு தனிப் பேச்சு வேண்டும்.

பிரசாதம் விற்பது இக்காலத்து வணிகப் புத்தி என்று சிலர் வருந்துகிறார்கள். திருமலைக் கல்வெட்டுகள் அவர்களுக்கு வேறு கதை சொல்லும். அவற்றில் பெரும்பாலானவை தமிழில் இருக்கின்றன. விசயநகர காலத்தில் மன்னர்களும் அதிகாரிகளும் வணிகர்களும் ஆசாரியர்களும் பெருந்தொகை கொடுத்தார்கள். தேவஸ்தானம் அந்தப் பணத்தைக் கோயில் ஊர்களில் ஏரி, கால்வாய் வெட்டப் போட்டது. கூடுதலாக விளைந்த நெல்லில் கொடையாளர் பெயரால் தளிகை நடந்தது. அப்பப் படி, வடைப் படி, இட்டலிப் படி, தோசைப் படி, சுகியன் படி என்று கல்வெட்டுகளில் பலகாரங்கள் அணிவகுக்கின்றன. படைத்ததில் நான்கில் ஒரு பங்கு கொடுத்தவருக்கு உரியது. விட்டவன் விழுக்காடு என்று அதற்குப் பெயர். தன் பங்கைக் கொடையாளர் மடத்துக்கு எழுதிவைக்கலாம், வழிப்போக்கருக்கு வழங்கலாம், விற்றுவிடவும் செய்யலாம். மலையேறி வந்த யாத்திரிகர் வாங்கி உண்டது பெரும்பாலும் அந்தப் பங்கைத்தான். ஒருவர் கொடுத்த பணம் கால்வாயாகி, நெல்லாகி, தளிகையாகி, முன்பின் தெரியாத யாத்திரிகரின் இலையில் விழுந்தது. லட்டுக்கு 2009-இல் புவிசார் குறியீடு வந்ததையும், அதற்கு நிற்கும் வரிசையையும் மட்டுமே நாம் பேசுகிறோம். அதன் அடியில் ஓடிய கால்வாயைப் பேசுவதில்லை.

15-ஆம் நூற்றாண்டில் சாளுவ நரசிம்மன் திருமலையிலும் திருப்பதியிலும் இராமானுச கூடங்களை நிறுவினான். வழிப்போக்கருக்குச் சோறிடும் சத்திரங்கள் அவை. கந்தாடை இராமானுசையங்கார் அவற்றை நடத்தினார். பிராமணரல்லாத சாத்தாத வைணவர்களுக்கு அங்கே பங்கு கிடைத்ததைக் கல்வெட்டுகள் காட்டுகின்றன. யாருக்குச் சோறு, யாருக்கு இல்லை என்ற கேள்வியை 15-ஆம் நூற்றாண்டிலேயே ஒருவர் தொட்டுப் பார்த்திருக்கிறார்.

கன்னடக் கரையில் உடுப்பியைச் சொல்லாமல் இந்தப் பேச்சு நிறைவாகாது. மத்துவாசாரியர் 13-ஆம் நூற்றாண்டில் நிறுவிய கிருஷ்ணன் மடம். எட்டு மடங்களும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாறி மாறிப் பூசைப் பொறுப்பை ஏற்கும் பர்யாயம் அங்கே நடக்கிறது. பொறுப்பேற்க வேண்டிய மடம் ஓராண்டுக்கும் முன்னதாகவே வாழை நடுவதற்கு ஒரு முகூர்த்தம், அரிசி சேர்க்க ஒன்று, விறகு அடுக்க ஒன்று, நெல் சேர்க்க ஒன்று என நான்கு முகூர்த்தங்கள் வைக்கிறது. விறகைத் தேர் வடிவில் அடுக்கி நிறுத்துவார்கள். சோறு போடும் கடமைக்கு இவ்வளவு முன்னேற்பாடு! பக்கத்திலுள்ள மட்டு என்ற சிற்றூரில் விளையும் பச்சைக் கத்தரிக்காய், மட்டு குள்ளா, 16-ஆம் நூற்றாண்டில் வாதிராசர் கொடுத்த விதையிலிருந்து வந்ததாக அந்த ஊரார் நம்புகிறார்கள். 2011-இல் அதற்கும் குறியீடு. சாதுர்மாசத்தில் ஒரு மாதம் காய்கறி இல்லை, ஒரு மாதம் தயிர் இல்லை, ஒரு மாதம் பால் இல்லை, ஒரு மாதம் பருப்பு இல்லை என்று நோன்பு. ஒவ்வொன்றை விலக்கும்போதும் அது இல்லாமலே சுவையாகச் சமைத்தாக வேண்டும். அந்தப் பயிற்சி பெற்ற கரையோரக் கைகள்தான் பிறகு ஊர் ஊராகப் போய் உணவகம் வைத்தன. கடந்தலை கிருஷ்ண ராவ் சென்னையில் 1938-இல் தொடங்கிய உட்லண்ட்ஸ் உணவகம் அந்த வழியில் வந்தது. மடைப்பள்ளி மரபு கடைத்தெருவுக்கு வந்து, யார் வேண்டுமானாலும் காசு கொடுத்து ஒரே மேசையில் உட்காரும்படி ஆனது. பெரிய மாற்றம் அது. மடத்துப் பந்தியிலோ சாதி பார்த்து இடம் பிரித்ததை எதிர்த்து நம் காலத்திலும் போராட வேண்டியிருந்தது.

இங்கே நான் நிற்கவேண்டும். இத்தனை நேரம் நெய் மணக்கப் பேசிவிட்டு ஒன்றைச் சொல்லாமல் போனால் அது நேர்மையாகாது. தஞ்சைக் கழனிகளில் சேற்றில் இறங்கி நாற்று நட்டவர்கள், கதிர் அறுத்தவர்கள், களத்தில் நெல் தூற்றியவர்கள், அந்த நெல் அமுதாகும் கோயிலுக்குள் பல நூற்றாண்டுகள் நுழைய முடியவில்லை. கல்வெட்டு ஒவ்வொரு உழக்கையும் கணக்கு வைத்தது. அவர்களைக் கணக்கில் வைக்கவில்லை. திருவிதாங்கூரில் 1936-இல்தான் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்தது. மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் 1939 சூலை 8-ஆம் நாள் வைத்தியநாத ஐயர் தலைமையில் ஒடுக்கப்பட்ட மக்களும் நாடார் ஒருவரும் நுழைந்தார்கள். தென்னாட்டுக் கோயில் உணவின் வரலாற்றை எழுதுகிறவர் அந்த நாளையும் அதில் எழுதவேண்டும். அன்று மதுரையில் நெல்லை விளைவித்தவருக்கும் அமுதுக்கும் நடுவே இருந்த கதவு திறக்கத் தொடங்கியது.

அதற்கும் முன்பே ஒருவர் அடுப்பை வெளியே கொண்டுவந்து வைத்தார். சிதம்பரத்துக்குப் பக்கத்தில் வடலூரில் 1867 மே 23-ஆம் நாள் வள்ளலார் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். சாதி, சமயம் கேட்காமல் பசித்து வந்தவருக்குச் சோறு. அன்று மூட்டிய அடுப்பு அணையாமல் எரிகிறது. சிதம்பரத்துக்குப் போகிறவர்களிடம் நான் எப்போதும் சொல்வது: வடலூருக்கும் போய் அந்தப் பந்தியில் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். ஒரே வட்டாரத்தில் இரண்டு அடுப்புகள். இரண்டையும் பார்த்தால்தான் அந்த மண் புரியும்.

தமிழ்நாட்டுக் கோயில்களில் 2002-இல் அன்னதானத் திட்டம் தொடங்கியது. 2012 முதல் திருவரங்கத்திலும் பழநியிலும் நாள் முழுவதும் உணவு. வாழையிலை முன்னால் யாரும் யாரையும் எந்த ஊர், என்ன சாதி என்று கேட்பதில்லை. சோறு, சாம்பார், ரசம், கூட்டு, மோர். எளிய சாப்பாடுதான். பழைய தளிகைகளின் நுட்பம் அதில் இல்லை என்று குறை சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அந்தப் பந்தியில் உட்காரும்போது வேறு எண்ணம் வருவதில்லை, நிறைவுதான் வருகிறது. வரகுணனின் 580 கலம் கணக்கு இத்தனை காலம் கழித்து இங்கே வந்து நேராகிறது.

சிறிய கோயில்களின் நிலைதான் நெஞ்சை அறுக்கிறது. காவிரிப் படுகையில் பாடல்பெற்ற தலங்கள் பல ஒருகாலப் பூசையில் நிற்கின்றன. வங்கியில் வைத்த சிறு தொகையின் வட்டியில் படையல் நடக்கிறது. முறை பழைய முறைதான், சபையின் இடத்தில் வங்கி. ஆனால் வட்டி போதவில்லை. அப்படி ஒரு கோயிலில் குருக்களே விளக்கேற்றி, குருக்களே அடுப்பு மூட்டி, சின்ன வெண்கலப் பானையில் ஒருபிடி அரிசி வடித்து எடுத்து வந்ததைப் பார்த்தேன். மடைப்பள்ளி சுவரில் பெரிய கொடியடுப்பின் கரி இன்னும் இருந்தது. பெரிய உருளிகள் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. அந்த உருளியில் எதைச் சமைத்தார்கள் என்று கேட்டேன். தம் தாத்தாவுக்குத் தெரியும் என்றார்.

பெரிய கோயில்களுக்கு வேறு ஆபத்து. தேவை பெருகப் பெருகத் தொன்னை பிளாஸ்டிக் பொட்டலமாகிறது, மண்பானை அலுமினியமாகிறது, ஊருக்கு ஊர் வேறாக இருந்த புளியோதரை ஒரே புளியோதரையாகிறது. கூட்டத்துக்குச் சோறு போட இயந்திரம் வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. அன்னதானக் கூடத்தில் அது இருக்கட்டும். சன்னிதிக்குப் போகும் தளிகை மட்டும் பழைய பாத்திரத்தில், பழைய அளவில், அந்த ஊர் அரிசியில் ஒரு படியாவது நடக்கட்டும்.

பயணம் போகிறவர்களுக்கு வருகிறேன். நம்மில் பலர் ஒரு நாளில் எத்தனை கோயில் என்று கணக்குப் போட்டுப் புறப்படுகிறோம். நவக்கிரகத் தலங்கள் ஒன்பதையும் ஒரே பகலில் முடித்துவிட்டு, நெடுஞ்சாலை உணவகத்தில் வடநாட்டுச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டுத் திரும்புகிறோம். கோயில் நடை திறக்கும் நேரத்தை விசாரிக்கிறோம், தளிகை நேரத்தை விசாரிப்பதில்லை. ஒரு நாளுக்கு ஒரு கோயில் போதும். உச்சிக்காலத்துக்கு முன் போங்கள். நிவேதனம் ஆகி மணி அடிக்கும்வரை இருங்கள். மடைப்பள்ளிக்குள் நுழையக்கூடாது, அது சரியான விதி. வாசலில் நின்று, சமைக்கும் சுயம்பாகியிடம் மரியாதையாக நாலு வார்த்தை கேட்கலாம். இந்த ஊரில் கிணற்று நீரா, ஆற்று நீரா, அரிசி எங்கிருந்து வருகிறது, நெய் யார் கொடுக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். பல ஆண்டுகளாக அவரிடம் யாருமே கேட்காத கேள்விகள் அவை. முகம் மலர்ந்து சொல்வார். பிறகு சன்னிதித் தெருவில் நடங்கள். தலத்தின் உணவு அங்கேதான் ஊரின் உணவாக மாறுகிறது. திருநெல்வேலியில் நெல்லையப்பரைப் பார்த்துவிட்டு வெளியே வருகிறவருக்கு மாலையில் அல்வாக் கடை திறக்கும்வரை காத்திருக்கும் பொறுமை வேண்டும். திருவையாற்றில் ஐயாறப்பரைப் பார்த்தவர் பாசிப்பருப்பு அசோகா அல்வாவை விடக்கூடாது.

காலத்தையும் பார்த்துப் போங்கள். ஐப்பசி முழுநிலவில் கங்கைகொண்ட சோழபுரம் போனால், அந்தப் பெரிய இலிங்கத் திருமேனி முழுவதும் சோற்றால் மூடப்பட்டு வெண்மையாக நிற்பதைக் காணலாம். இராசேந்திரன் கட்டிய கோயிலின் சிற்பங்களைப் பார்க்க எந்த நாளும் போகலாம், அன்னாபிடேகம் அந்த ஒரு மாலைதான். கருவறையில் சுமந்து சுமந்து கொட்டிய சோறு பிறகு மக்களுக்கு வழங்கப்படுகிறது, மிச்சம் நீர்வாழ் உயிர்களுக்கு. சோழநாடு முழுவதையும் ஒரு படையலில் பார்க்க வேண்டுமானால் அந்த மாலையில் அங்கே நில்லுங்கள்.

இறுதியாக இந்த அறக்கட்டளைக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் ஒரு சொற்பொழிவு நடத்த உங்கள் முதலின் வட்டி செலவாகிறது. நல்ல காரியம். அதோடு இன்னொன்றும் செய்யலாம். வரலாறு, தமிழ், வேளாண்மை பயிலும் மாணவர்கள் சிலரைத் தேர்ந்து, ஒவ்வோர் ஆண்டும் ஒரு மடைப்பள்ளியை முழுமையாகப் பதிவு செய்யச் சொல்லுங்கள். எந்தப் பாத்திரம், எத்தனை படி, எந்த மரத்து விறகு, எந்தத் தண்ணீர், எந்த நெல், எந்த நாளில் எந்தத் தளிகை, பங்கு யாருக்கு, சமைக்கும் குடும்பம் எத்தனை தலைமுறை, இலை தைப்பவர் யார், பானை வனைபவர் யார், முன்பு உள்ளே வர முடியாதிருந்தவர் யார் என்று எல்லாம் எழுதட்டும். சுவரில் உள்ள கல்வெட்டைப் பக்கத்தில் வைத்து, அன்று இருந்ததில் இன்று எது இருக்கிறது, எது போயிற்று என்று ஒப்பிடட்டும். புகழ்பெற்ற கோயிலில் தொடங்க வேண்டாம். அங்கே பலர் வருவார்கள். ஒருகாலப் பூசைக் கோயில் ஒன்றில், உருளிகள் கவிழ்ந்து கிடக்கும் மடைப்பள்ளியில், தாத்தாவுக்குத் தெரிந்ததை இன்னும் கொஞ்சம் நினைவில் வைத்திருக்கும் பெரியவர்கள் ஊரில் இருக்கும்போதே தொடங்குங்கள். மார்கழியிலேயே மாணவர்கள் அந்த ஊருக்குப் போய்விட்டால் நல்லது. தையில் புது நெல் வந்து இறங்கி முதல் பொங்கல் பொங்கும்வரை அங்கேயே தங்கிக் குறித்துக்கொள்ளலாம். அவர்களோடு போக நானும் வருகிறேன்.